முகங்கள் மாறும் நேரம்: ஜான் கசாவெட்டிஸின் ‘ஃபேசஸ்’

அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஜான் கசாவெட்டிஸ் எழுதி இயக்கிய ‘ஃபேசஸ்’ 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் படம்; ஓடும் நேரம் 130 நிமிடம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வசதியான வீடு ஒன்றில் வாழும் ஒரு தம்பதியின் கதை ஒரு மாலையில் தொடங்கி மறுநாள் காலையில் முடிகிறது. கணவன் வேறொரு பெண்ணைத் தேடிப் போகிறான். மனைவி முன்பின் அறியாத ஓர் இளைஞனோடு இரவைக் கழிக்கிறாள். விடிந்ததும் இருவரும் ஒரே வீட்டில் நேருக்கு நேர் நிற்கிறார்கள். கதை என்று எடுத்துச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படமாக்க ஆறு மாதம் ஆனது. படத்தொகுப்பு ஏறக்குறைய மூன்று ஆண்டு நீண்டது.

இவ்வளவு சிறிய கதைக்கு ஏன் இவ்வளவு காலம் என்ற கேள்வியிலேயே இந்தப் படத்தின் சிறப்பு அடங்கியிருக்கிறது. காதல் உறவு மாறுவதைச் சொல்லும் படங்கள் பெரும்பாலும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் உள்ள நிலைகளைத்தான் காட்டுகின்றன. நேற்று அன்பு இருந்தது, இன்று இல்லை. இடையில் ஒரு கடிதமோ ஒரு சந்தேகமோ ஒரு சண்டையோ வந்துபோகிறது. கசாவெட்டிஸ் அந்த இடைப்பகுதியையே படமாக எடுத்தார். அன்பு விலகும் அந்தச் சில நிமிடங்கள் முகத்தில் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க விரும்பினார். அதற்கு வேண்டியிருந்தது நேரம். நாள் வாடகைக்கு அரங்கம் எடுத்து, மணிக்கணக்கில் சம்பளம் தந்து படம் எடுப்பவரிடம் அந்த நேரம் இருக்காது.

கசாவெட்டிஸ் 1929இல் நியூயார்க்கில் கிரேக்க வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். நடிகராகத்தான் பெயர் பெற்றார். நியூயார்க்கில் நடிப்புப் பட்டறை ஒன்றை நடத்திவந்தபோது, அதில் உருவான ஒரு காட்சியை முழுப்படமாக வளர்க்கலாம் என்ற எண்ணம் வந்தது. 1957இல் ஜீன் ஷெப்பர்டின் இரவு நேர வானொலி நிகழ்ச்சியில் பேசும்போது, சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் சாதாரண மனிதர்களே பணம் அனுப்பட்டும் என்ற பொருளில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். கேட்டவர்கள் உண்மையாகவே சில்லறையும் நோட்டுமாக அனுப்பினார்கள். அப்படித் தொடங்கிய படம்தான் ‘ஷேடோஸ்’. 16 மி.மீ. கேமராவில், நியூயார்க் தெருக்களில் எடுக்கப்பட்டது. முதல் வடிவம் 1958இல் திரையிடப்பட்டது. அதில் நிறைவு காணாத கசாவெட்டிஸ் பெரும்பகுதியை மறுபடி எடுத்து 1959இல் இரண்டாம் வடிவத்தை முடித்தார். ஐரோப்பாவில் கிடைத்த வரவேற்பு ஹாலிவுட்டின் கவனத்தை அவர் பக்கம் திருப்பியது.

ஹாலிவுட் அனுபவம் கசப்பாக முடிந்தது. பாராமவுண்டுக்காக எடுத்த ‘டூ லேட் புளூஸ்’ (1961) வெற்றி பெறவில்லை. அடுத்து, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பள்ளியைப் பற்றிய ‘எ சைல்ட் இஸ் வெய்ட்டிங்’ (1963) படத்தில் பர்ட் லங்காஸ்டரும் ஜூடி கார்லண்டும் நடித்தார்கள். தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமர் படத்தொகுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, இயக்குநரின் விருப்பத்துக்கு மாறாகப் படத்தை முடித்தார். கசாவெட்டிஸ் அந்தப் படத்தைத் தம்முடையதாக ஏற்கவில்லை. அந்தத் தகராறுக்குப் பிறகு ஸ்டுடியோக்களில் அவருக்கு இயக்குநர் வேலை கிடைப்பது அரிதாகிவிட்டது. ‘ஃபேசஸ்’ திரைக்கதை இந்த வேலையற்ற காலத்தில் எழுதப்பட்டது. படத்தில் வரும் நிறுவனத் தலைவர்கள், விற்பனைக்காரர்கள், மது அருந்தியபடி உரத்துச் சிரிக்கும் ஆண்கள் ஆகியோர்மீது இருக்கும் கோபத்தின் ஊற்று ஓரளவு அங்கே இருக்கக்கூடும். ஆனால் எடுத்து முடித்த படத்தில் கோபத்தைவிட இரக்கமே மிஞ்சியது.

படப்பிடிப்பு 1965 ஜனவரியில் தொடங்கியது. வீடுகளுக்கு வாடகை இல்லை: கசாவெட்டிஸின் சொந்த வீடும், அவர் மனைவியும் நடிகையுமான ஜீனா ரோலண்ட்ஸுடைய தாயாரின் வீடுமே முதன்மைப் படப்பிடிப்புத் தளங்கள். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் உடனடிச் சம்பளம் வாங்கவில்லை. படம் பணம் ஈட்டினால் பங்கு என்ற ஏற்பாடு. ஒளிப்பதிவைக் கவனித்த அல் ரூபனும் தயாரிப்பாளராகப் பெயர் போட்டுக்கொண்ட மாரிஸ் மெக்கென்ட்ரியும் ‘ஷேடோஸ்’ காலத்து நண்பர்கள். விளக்கைத் தூக்குவதும், ஒலிவாங்கியைப் பிடிப்பதும், பிறகு படத்தை வெட்டி ஒட்டுவதும் அந்தச் சிறு குழுவுக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருந்தன. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், இளைஞராக இந்தப் படப்பிடிப்பில் சில வாரம் எடுபிடி வேலை செய்ததாகச் சொல்லியிருக்கிறார்.

மொத்தச் செலவு சுமார் 2,75,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. அன்றைய ஹாலிவுட் அளவுக்கு இது மிகச் சிறிய தொகை. அதையும் கசாவெட்டிஸ் மற்றவர்கள் படங்களில் நடித்துச் சம்பாதித்தார். ‘தி டர்ட்டி டஜன்’ (1967) படத்தில் நடித்ததற்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ரோமன் பொலான்ஸ்கியின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968) படத்தில் நாயகியின் கணவனாக வருபவரும் அவரே. பெரிய படத்தில் வாங்கிய சம்பளம் சிறிய படத்தின் பிலிம் சுருளாகவும் லேப் செலவாகவும் மாறியது. வாழ்நாள் முழுக்க அவர் கடைப்பிடித்த முறை இது.

பிலிம் சுருளைப் பற்றி ஒரு சொல். 16 மி.மீ. பிலிமில் 400 அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். 35 மி.மீ. பிலிமில் அதே 11 நிமிடத்துக்கு 1,000 அடி வேண்டும். விலையிலும் எடையிலும் வேறுபாடு பெரிது. 16 மி.மீ. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு குறுகிய சமையலறைக்குள் புகலாம், நடிகரோடு மாடிப்படி ஏறலாம். நீளக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப எடுக்கும் வசதியை இந்த மலிவான பிலிம்தான் தந்தது. நூறு மணி நேரத்துக்கு மேல் படச்சுருள் சேர்ந்தது. பிறகு திரையரங்குக்காக 35 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கியபோது படத்தின் மணித்துகள்கள் தடித்துத் தெரிந்தன. சன்னல் வெளிச்சம் வெள்ளையாய்ப் பொங்கியது, நிழல்கள் கரியாய்ப் படிந்தன. குறைபாடு என்று தள்ளக்கூடிய இந்தத் தோற்றம், ஒப்பனை கலைந்து, வியர்வை பூத்து, உறக்கமின்றி வீங்கிய முகங்களுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

கசாவெட்டிஸ் படங்களைப் பற்றி நிலவும் தவறான நம்பிக்கை ஒன்றை இங்கே களைய வேண்டும். ‘ஷேடோஸ்’ படத்தின் முடிவில், அது முன்கூட்டி எழுதப்படாமல் நடிப்பின் போக்கிலேயே உருவானது என்று ஓர் அறிவிப்பு வரும். அந்த ஒற்றை வரி அவருடைய எல்லாப் படங்களின்மேலும் ஒட்டிக்கொண்டது. ‘ஃபேசஸ்’ விஷயத்தில் அது பொருந்தாது. இதற்கு விரிவான, பக்கங்கள் மிகுந்த திரைக்கதை இருந்தது. அது 1970இல் புத்தகமாகவும் அச்சானது. வசனத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டதே. நடிகருக்கு விட்டுவைக்கப்பட்டது, அந்த வசனத்தை எந்த மனநிலையில், எங்கே நின்று, எவ்வளவு நேரம் எடுத்துச் சொல்வது என்பது. தரையில் அடையாளக் கோடு போட்டு அங்கே நில் என்று சொல்லும் வழக்கம் இல்லை. நடிகர் போகும் இடத்துக்கு கேமரா போக வேண்டும். உணர்ச்சி எழுதப்படவில்லை, சொற்கள் எழுதப்பட்டன. பார்ப்பவருக்கு எல்லாம் அந்தக் கணத்தில் பிறந்ததுபோல் தோன்றுவது இதனால்தான்.

நடிகர் தேர்வும் கவனிக்கத்தக்கது. கணவன் ரிச்சர்ட் ஃபார்ஸ்ட்டாக ஜான் மார்லி. ‘தி காட்ஃபாதர்’ படத்தில் படுக்கையில் குதிரைத் தலையைக் கண்டு அலறும் தயாரிப்பாளர் என்றால் பலருக்கும் நினைவு வரும். மனைவி மரியாவாக நடித்த லின் கார்லின் அதுவரை தொழில்முறை நடிகையே அல்லர். இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மனின் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். மார்லிக்கு ஐம்பது கடந்திருந்தது, கார்லினுக்கு முப்பது ஆகவில்லை. படம் இந்த இடைவெளியை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. இருவரையும் ஒரே சட்டகத்தில் பார்க்கும்போதெல்லாம் அது தெரிகிறது. ஜீனா ரோலண்ட்ஸ், ரிச்சர்ட் தேடிப் போகும் ஜீனி. மரியாவின் வீட்டுக்கு வரும் இளைஞன் செட், ‘ஷேடோஸ்’ குழுவில் உழைத்த சீமூர் கஸ்ஸெல். மரியாவின் தோழிகளில் மூத்தவளான ஃபுளோரன்ஸாக வரும் டாரத்தி கலிவர், ஊமைப்படக் காலத்திலேயே திரைக்கு வந்தவர்.

படம் ஒரு திரையிடலோடு தொடங்குகிறது. நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் வந்து அமர்கிறார். சுற்றிலும் பணிவு, பதற்றம். புதிய படம் ஒன்றை அவருக்குப் போட்டுக் காட்டப் போகிறார்கள். விளக்கு அணைகிறது, திரையில் ‘ஃபேசஸ்’ என்ற தலைப்பு. தன் வாழ்க்கையைத் தானே திரையில் பார்க்கப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். கசாவெட்டிஸ் இந்தச் சட்டகத்துக்குப் பிறகு ஒருமுறையும் திரும்புவதில்லை, அது நல்லதாயிற்று. திரும்பியிருந்தால் படம் ஒரு தந்திரமாகச் சுருங்கியிருக்கும்.

அடுத்த காட்சியில் ரிச்சர்டும் நண்பன் ஃபிரெடியும் மதுவிடுதியிலிருந்து ஜீனியின் வீட்டுக்கு வருகிறார்கள். பாட்டு, ஆட்டம், கல்லூரிக்கால நினைவுகள், அர்த்தமற்ற வேடிக்கை. இரு நடுவயது ஆண்கள் ஓர் இளம்பெண்ணின் கவனத்துக்காகப் போட்டி போடுகிறார்கள். காட்சி நீள்கிறது, பார்ப்பவர் சலிக்கத் தொடங்கும் இடத்தையும் தாண்டி நீள்கிறது. ஜீனியின் பார்வை ரிச்சர்ட் பக்கம் சாய்வதை ஃபிரெடி கவனிக்கிறான். சட்டென்று, அவளுக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்கிறான். அதுவரை அந்த அறையில் விருந்தாளிகளும் விருந்தளிப்பவளும் இருந்தார்கள்; அந்தக் கேள்விக்குப் பின் வாங்குபவனும் விற்பவளும் ஆகிவிடுகிறார்கள். ரோலண்ட்ஸின் முகத்தில் சிரிப்பு உடனே மறைவதில்லை. உதட்டில் தங்கியபடியே உயிரிழக்கிறது. பத்து நிமிட ஆட்டத்தைப் பார்த்திராவிட்டால் இந்த ஒரு நொடிக்கு இவ்வளவு வலி இருக்காது.

ரிச்சர்ட் வீடு திரும்புகிறான். மனைவியோடு பேச்சு, சிரிப்பு. ஃபிரெடியைப் பற்றிய வம்பில் இருவரும் கூட்டாளிகள்போல் குதூகலிக்கிறார்கள். சினிமாவுக்குப் போகலாமா என்ற பேச்சு வருகிறது. பெர்க்மன் படம் ஓடுகிறது என்கிறாள் மரியா. இன்றைக்கு மனம் வாட விருப்பமில்லை என்று ரிச்சர்ட் மறுத்துவிடுகிறான். படுக்கையில் அவன் மட்டமான நகைச்சுவைத் துணுக்குகளை வரிசையாகச் சொல்ல, அவள் மூச்சுத் திணறச் சிரிக்கிறாள். இந்தத் தம்பதியிடம் அன்பு வற்றிவிட்டது என்று இந்தக் காட்சியைப் பார்த்து யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும்: இருவரும் சிரிக்கும்போது மட்டுமே ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்கிறார்கள். சிரிப்பு நின்றதும் அந்த இடத்தை நிரப்ப ஒன்றுமில்லை. பிறகு, எந்த முன்னறிவிப்பும் இன்றி, விவாகரத்து வேண்டும் என்கிறான் ரிச்சர்ட். அவள் எதிரிலேயே தொலைபேசியை எடுத்து ஜீனியை அழைக்கிறான்.

இந்தத் திருப்பத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. அன்று முழுக்க அவன் திட்டமிட்டதாகவும் அடையாளம் இல்லை. பல விமர்சகர்கள் இதைக் குறையாகக் கண்டார்கள். உண்மையில் படத்தின் அடிப்படைப் பார்வையே இங்கு வெளிப்படுகிறது. நெடுநாள் உறவு முறியும் கணத்தில் முறிப்பவருக்கே காரணம் தெரிவதில்லை. காரணங்களைப் பிற்பாடு உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறோம். வழக்கமான திரைக்கதை அந்தப் பிற்பாட்டுக் காரணங்களை முன்னால் கொண்டுவந்து வைத்து, கதையைச் சீராக ஓடவிடும். கசாவெட்டிஸ் அந்தச் சீரை மறுத்தார்.

ஜீனியின் வீட்டுக்கு ரிச்சர்ட் மறுபடி போகும்போது அங்கே வேறு இரண்டு வியாபாரிகளும் இன்னொரு பெண்ணும் இருக்கிறார்கள். வால் ஏவரி நடித்த மெக்கார்த்தி என்ற முரட்டு மனிதனுக்கும் ரிச்சர்டுக்கும் கைகலப்பு மூள்கிறது. அடுத்த சில நிமிடத்தில் இருவரும் சமாதானமாகி, ஒரே இனத்தைச் சேர்ந்தவர்களாக வியாபாரம் பேசுகிறார்கள். காதல் உறவு மட்டுமல்ல, பகையும் நட்பும்கூட இந்தப் படத்தில் நிமிடக் கணக்கில் உருமாறுகின்றன. ஆண்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்வதும் அணைப்பதும் ஒரே அச்சத்தின் இரு செயல்கள் என்று காட்சி உணர்த்துகிறது. எல்லாரும் போன பின் ரிச்சர்டும் ஜீனியும் தனித்திருக்கும் பகுதி படத்தின் மிக மென்மையான இடம்.

மறுபுறம் மரியா மூன்று தோழிகளுடன் வெளியே போகிறாள். சன்செட் ஸ்டிரிப் சாலையில் 1964இல் திறக்கப்பட்ட விஸ்கி எ கோ கோ என்ற நடன விடுதி. அங்கே சந்தித்த செட்டை நால்வரும் வீட்டுக்கு அழைத்துவருகிறார்கள். படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்று துணிந்து சொல்லலாம். நான்கு மணமான பெண்கள், ஓர் இளைஞன், ஒரு வரவேற்பறை. ஒவ்வொருத்திக்கும் அவன்மேல் ஓர் ஆசை. அதைவிட அந்த ஆசை வெளியே தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். செட் ஆடச் சொல்கிறான். லூயிஸ் என்ற தோழி தயங்கித் தயங்கி ஆடத் தொடங்கி, தான் கேலிப்பொருள் ஆகிவிட்டதாக எண்ணிச் சிறுத்துப்போகிறாள். ஃபுளோரன்ஸ் மட்டும் வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு முத்தம் கேட்கிறாள். முதிய பெண்ணின் வேட்கையைச் சிரிப்புக்கு உரியதாக்காமல், இழிவுபடுத்தாமல், நிமிர்ந்து பார்த்த காட்சிகள் சினிமாவில் குறைவு. கேமரா ஃபுளோரன்ஸின் முகத்தை விட்டு விலகவில்லை. தோழிகள் அவளைப் பார்க்கும் பார்வையில் அருவருப்பு, பொறாமை, பரிவு மூன்றும் மாறி மாறி வருகின்றன. யாரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

தோழிகள் போன பின் செட் மரியாவிடம் திரும்பி வருகிறான். இரவு கழிகிறது. காலையில் ஜீனியின் வீட்டில் ரிச்சர்ட் பாட்டும் வேடிக்கையுமாக இருக்கிறான். அவள் சிற்றுண்டி சமைக்கிறாள். வேடிக்கையை விட்டு இயல்பாக இரு என்று அவன் கேட்கும்போது அவள் குழம்புகிறாள். அவளுக்கு ஒரே இரவில் அவன்மேல் உண்மையான பற்று பிறந்துவிட்டது. அவனோ மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கிளம்புகிறான். அதே வேளையில் மரியாவின் வீட்டில் அவள் தூக்க மாத்திரைகளை விழுங்கிக் கிடப்பதை செட் காண்கிறான். அழுதபடி, திட்டியபடி, கன்னத்தில் அறைந்து அறைந்து அவளை உயிருக்கு மீட்கிறான். இந்தக் காட்சியில் கஸ்ஸெலின் நடிப்பு அச்சமூட்டும் அளவுக்கு உண்மையானது. முந்தைய இரவு வரை பொழுதுபோக்காக இருந்த இளைஞன், இந்தப் படத்தில் இன்னொரு உயிருக்காக முழுமையாகச் செயல்படும் ஒரே மனிதனாகிறான். ஆனாலும் ரிச்சர்டின் காலடிச் சத்தம் கேட்டதும் சன்னல் வழியே கூரையில் குதித்து ஓடுகிறான். உன்னதத்தைத் தொட்ட மனிதனை அங்கேயே நிறுத்திவைக்கக் கசாவெட்டிஸ் விரும்பவில்லை.

இரவெல்லாம் பிறிதொரு பெண்ணோடு இருந்துவிட்டு வந்த கணவன், ஓடும் இளைஞனைப் பார்த்ததும் வஞ்சிக்கப்பட்டவனாகக் கொதிக்கிறான். அந்த அநீதியை வசனம் எதுவும் சுட்டிக் காட்டவில்லை, காட்டத் தேவையும் இல்லை. தன் வாழ்க்கையையே வெறுப்பதாகவும், அவன்மேல் அன்பு இல்லை என்றும் மரியா சொல்கிறாள். பிறகு நெடிய மௌனம். இருவரும் மாடிப்படியில் வெவ்வேறு படிகளில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறார்கள், இருமுகிறார்கள், ஒருவர் காலை ஒருவர் தாண்டி நகர்கிறார்கள். பிரிவார்களா, சேர்ந்து வாழ்வார்களா என்பதற்கு விடை கிடையாது. கடைசியில் ஒவ்வொருவராக எழுந்துபோக, படிகள் மட்டும் எஞ்சுகின்றன. 130 நிமிடத்தில் இவர்கள் சிரிப்பின் உதவியின்றி ஒன்றாக இருப்பது இங்குதான் முதல்முறை. அந்த வகையில் இது திருமணத்தின் முடிவாகவும் இருக்கலாம், அதன் முதல் நேர்மையான சந்திப்பாகவும் இருக்கலாம்.

படத்தொகுப்பு கசாவெட்டிஸ் வீட்டுக் கார் கொட்டகையில் நடந்தது. முதற்கட்ட வடிவங்கள் பல மணி நேரம் நீண்டவை. பணம் தீரும்போதெல்லாம் கசாவெட்டிஸ் நடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து வேலை தொடரும். எதை வெட்டுவது என்பது எளிய கேள்வியாக இருக்கவில்லை. வழக்கமான படத்தில் கதையை நகர்த்தாத பகுதியைக் கத்தரிக்கலாம். இதில் கதையை நகர்த்தாத பகுதிகளே படத்தின் உயிர். ஆகவே காட்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மிஞ்சியவற்றின் நீளத்தைக் காப்பாற்றினார்கள். ஒரு சந்திப்புக்குள் நுழைந்தால் அது களைத்துத் தீரும் வரை வெளியேறுவதில்லை. மாற்று வடிவம் ஒன்றின் சுமார் 17 நிமிடத் தொடக்கப் பகுதி பிற்காலத்தில் கிரைடீரியன் நிறுவனத்தின் டிவிடி வெளியீட்டில் சேர்க்கப்பட்டது.

1968இல் வெனிஸ் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டு, ஜான் மார்லிக்குச் சிறந்த நடிகருக்கான வோல்பி கோப்பை கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. கணவன் மனைவி உறவையும் படுக்கையறையையும் பல பத்தாண்டுகளாகக் கட்டுப்படுத்திவந்த தயாரிப்பு நெறிமுறையைக் கைவிட்டு, ஹாலிவுட் வயதுவாரித் தரச்சான்று முறைக்கு மாறியதும் அதே நவம்பரில்தான். ஆஸ்கர் போட்டியில் மூன்று பரிந்துரைகள் வந்தன: துணை நடிகைக்கு லின் கார்லின், துணை நடிகருக்கு சீமூர் கஸ்ஸெல், அசல் திரைக்கதைக்குக் கசாவெட்டிஸ். விருது எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு செயலாளரும் ஒரு குழு உதவியாளரும் வீட்டுப் படத்தில் நடித்து அந்த மேடைவரை வந்தது, சுயேச்சைப் படங்களைப் பற்றிய பொதுக்கருத்தையே அசைத்தது. விமர்சகர்களில் ரோஜர் ஈபர்ட் உயர்வாகப் பாராட்டினார். பாலின் கேல் கடுமையாகக் குறை கூறினார். 2011இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘ஃபேசஸ்’ சேர்ந்தது.

எதிர்ப்புகளில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆண்களின் குடிப்பேச்சு சில இடங்களில் எல்லை மீறி நீள்கிறது. அவர்களின் வெறுமையை உணர்த்த வேண்டிய நேரம் கடந்த பின்னும் கேமரா அங்கேயே நிற்கிறது. ஜீனியின் பாத்திரம் ரோலண்ட்ஸின் நடிப்பால் முழுமை பெறுகிறதே ஒழிய, எழுத்தில் அவளுக்குச் சொந்த வாழ்க்கை குறைவு. அவள் எங்கிருந்து வந்தாள், பகலில் என்ன செய்கிறாள் என்று அறிய வழியில்லை. மரியாவுக்கும் தோழிகளுக்கும் கிடைத்த ஆழத்தோடு ஒப்பிட்டால் இது இழப்புதான். வசதி படைத்த வெள்ளையர் வீடுகளைத் தாண்டி அன்றைய அமெரிக்கா படத்துக்குள் எட்டிப் பார்ப்பதும் இல்லை. வியட்நாம் போரும் குடிமை உரிமைப் போராட்டமும் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. நிறவெறியின் காயத்தைத் தொட்ட ‘ஷேடோஸ்’ படத்தின் இயக்குநரிடம் இதை எதிர்பார்ப்பது தவறாகாது. ஆனால் இந்த மூடிய உலகத்தின் மூச்சுமுட்டலே ‘ஃபேசஸ்’ சொல்லவந்த செய்தி என்பதால், குறையும் நோக்கமும் இங்கே பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கின்றன.

பின்வந்தவர்களில் பலர் இந்தப் படத்திலிருந்து தவறான பாடத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஆடும் கேமரா, மங்கிய வெளிச்சம், ஒன்றன்மேல் ஒன்று விழும் பேச்சு ஆகியவற்றைப் பாணியாக நகலெடுப்பது எளிது. 2000களில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ பஜால்ஸ்கி, ஜோ ஸ்வான்பெர்க் போன்றோர் நண்பர்களையே நடிக்கவைத்து, சில ஆயிரம் டாலரில், காதலும் பிரிவும் தடுமாற்றமுமாக எடுத்த படங்கள் கசாவெட்டிஸின் வழியைப் புதுப்பித்தன. கிரெட்டா கெர்விக் நடித்த ஸ்வான்பெர்க்கின் ‘ஹன்னா டேக்ஸ் தி ஸ்டேர்ஸ்’ (2007) ஒரு கோடையில் ஓர் இளம்பெண் மூன்று ஆண்களிடையே மாறிச் செல்வதைச் சொல்கிறது. அந்தப் படங்களில் இயல்பு இருக்கிறது. ஆனால் ஸ்வான்பெர்க் படங்களின் பேச்சு பெரும்பாலும் அங்கங்கே முளைத்தது. எழுதப்பட்ட நாடகத்தின் இறுக்கம் அடியில் இல்லாததால், கேள்வி ஒன்று ஒரு சிரிப்பைக் கொல்லும் ‘ஃபேசஸ்’ வகைக் கணங்கள் அவற்றில் அரிது. குறைந்த செலவுப் படங்களுக்காக அமெரிக்காவின் இண்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் வழங்கப்படும் ஒரு விருதுக்கு ஜான் கசாவெட்டிஸின் பெயரே வைக்கப்பட்டது. தொடக்கத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு உட்பட்ட படங்களுக்கு மட்டும் என்று வரம்பு இருந்தது.

‘ஃபேசஸ்’ தந்த துணிவில் கசாவெட்டிஸ் ‘ஹஸ்பண்ட்ஸ்’ (1970) படத்தை எடுத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் வந்தது ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் மணவாழ்க்கையைச் சொல்லும் ‘எ வுமன் அண்டர் தி இன்ஃபுளுயன்ஸ்’ (1974). அதற்கு எந்த ஸ்டுடியோவும் பணம் தர முன்வராதபோது அவர் வீட்டை அடமானம் வைத்தார். அந்தப் படத்தில் நடித்த பீட்டர் ஃபாக் தம் பணம் ஐந்து லட்சம் டாலரை முதலீடு செய்தார். விநியோகிக்கவும் ஆள் கிடைக்கவில்லை. கசாவெட்டிஸும் நண்பர்களும் தாங்களே திரையரங்குகளைத் தொடர்புகொண்டு, கல்லூரிகளுக்கும் எடுத்துச்சென்று படத்தை ஓட்டினார்கள். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை என்ற இரு ஆஸ்கர் பரிந்துரைகள் கசாவெட்டிஸுக்கும் ரோலண்ட்ஸுக்கும் வந்தன. அந்தப் படத்தை வெளியிட அவர்கள் தொடங்கிய நிறுவனத்துக்கு வைத்த பெயர் ‘ஃபேசஸ்’.